வெள்ளிக் காசில் இருப்பது அச்சுப் பிழையா, தழும்பா?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், படுவான்கரையிலாயினும் காத்தான்குடியிலாயினும், பழைய பெட்டகமொன்றில் பிரித்தானிய இந்தியாவின் வெள்ளி ரூபாய் கிடைத்தால் வியப்பதற்கில்லை. 1869 இல் அந்த ரூபாய் இலங்கையிலும் செல்லுபடியாகும் நாணயமாக்கப்பட்டது. இத்தகைய காசில் சிறு கோணல் தெரிந்தாலே நாணயச்சாலைப் பிழை எனக் கூறி அதிக விலை கேட்போர் உளர். மறுபுறம், உண்மைப் பிழையுள்ள அரிய காசு வெறும் நிறைக்கு விற்கப்பட்டு உருகிப்போவதும் உண்டு.

காசு அடிக்கப்பட்டபோது நேர்ந்ததா, பின்னர் நேர்ந்ததா என்பதே கேள்வி. அச்சில் வெடிப்பு இருந்திருந்தால் அதனுள் வெள்ளி புகுந்து, காசின் முகத்தில் புடைத்த கோடாக நிற்கும். கீறலோ பள்ளமாக இருக்கும். ஒதுக்கப்பட்ட உலோகம் அதன் ஓரத்தில் வரப்புப்போல் எழுந்திருக்கும். அச்சு விலகி விழுந்த காசில் ஒரு பக்கம் வெறுமையாயிருப்பினும் நிறை குறையாது. முழு ரூபாயின் நிறை 11.66 கிராம். தேய்மானத்துக்குச் சற்று விட்டுக்கொடுத்தாலும், விளிம்பு அராவப்பட்ட காசைத் தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

நகையாக அணிந்த தழும்பே பலரை ஏமாற்றுவது. வளையம் பற்றவைத்த இடத்தில் விளிம்பின் வரிகள் மழுங்கியிருக்கும். துளையிட்டுப் பின் அடைத்த காசில் இரு முகங்களிலும் ஒரே இடத்தில் உருவம் அழிந்திருக்கும். பொற்கொல்லர் கண்ணுக்கு இவை தப்பா.

உவர்நீரில் நெடுங்காலம் கிடந்த வெள்ளி குளோரைட்டாக மாறிச் சாம்பல் நிறப் படலம் பூணும், நிறையும் குறையும். அதனை மெல்லிய தகட்டில் தவறாக அடித்த காசென்று எண்ணுதல் எளிது. மேற்பரப்பு நுண்துளைகளுடன் சொரசொரப்பாயிருப்பின் அது அரிப்பே. புளியிட்டுத் துலக்கினால் இத்தடயங்கள் யாவும் மங்கிவிடும் என்பதால், உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்குமுன் காசைத் துலக்கலாகாது.