மறுமொழி கூறாத ஆசிரியன்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், மாலை வேளையில் தனியார் வகுப்பு முடிந்து வரும் மாணவர் கூட்டத்தைக் காணலாம். அக்கூட்டத்தில் ஒருவனாய், முன்னர் என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன், உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில், வகுப்பறை வெறுமையான பின்னும் தயங்கி நின்றான்.

"சேர், மற்றப் பெடியளுக்குப் போல எனக்குப் பெண்பிள்ளைகளில மனம் போகேல்ல. எனக்கு ஏதும் வருத்தமோ?" என்று வினவினான்.

"இதெல்லாம் வயசுக் கோளாறு தம்பி. படிப்பைக் கவனி" என்று தோளில் தட்டி அனுப்பினேன். கனிவாக நடந்துகொண்டதாகவே எண்ணினேன். அடுத்த கிழமை அவன் வரவில்லை, பரீட்சையும் எழுதவில்லை. ஆண்டுகள் பல கழித்துக் கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் வாசலில் அவன் அன்னையாரைச் சந்தித்தேன். அக்காலத்தில் மகன் ஊணும் உறக்கமுமின்றி அறைக்குள் முடங்கிக் கிடந்ததையும், பேய்க்குறை என்று நூல் கட்டுவித்ததையும் சொன்னார். "உங்களிட்டயாவது ஏதும் சொன்னவனோ சேர்?" என்று அவர் கேட்டபோது, நான் வாய் திறந்திலேன்.

அவன் வினாவுக்கு விடை அன்றே இருந்தது, நான்தான் அறிந்திலேன். தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலினின்று அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1973ஆம் ஆண்டிலும், உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டிலும் நீக்கிவிட்டன. இந்திய உளமருத்துவர் சங்கமும் 2018இல் இதனையே வலியுறுத்திற்று. வருத்தமன்று எனின், அப்பிள்ளை வருந்தியது எதனால்? ஒளித்து வாழ்வதால்; அகப்பட்டால் வீடு தன்னைக் கைவிடுமோ என்னும் அச்சத்தால்.

அவ்வச்சத்துக்குச் சட்டமும் துணை நிற்கின்றது. 1883ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பெற்ற தண்டனைச் சட்டக்கோவையில் 365ஆம் பிரிவும், அதனோடு 365அ பிரிவும் உள்ளன. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் இதனைத் தளர்த்தவில்லை. ஆண்களை மட்டும் சுட்டிய சட்டத்தைப் பெண்களுக்கும் விரித்தது. இதனை நீக்கும் தனி அங்கத்தவர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என்று எமது உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. எனினும் அது நிறைவேறுமுன் 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. 'இஃது மேல்நாட்டுச் சரக்கு' என்பாரை அடிக்கடி கேட்கின்றேன். மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது சட்டமேயன்றி மனிதரல்லர். பாலியல்பு திரிந்தோரைத் தொல்காப்பியர் அஃறிணையில் தள்ளாது உயர்திணையில் வைத்துச் சொல்லிலக்கணம் வகுத்தார். அது தன்பாலீர்ப்பைப் பற்றியதன்று. ஆயினும் வேறுபட்டாரை மனிதராகவே எண்ணிய மரபு அங்கே தெரிகின்றதன்றோ?

சென்னையில் நிகழ்ந்ததொன்றைக் கூறவேண்டும். மதுரையைச் சேர்ந்த இளம் பெண்கள் இருவர், ஒருவரையொருவர் நேசித்துப் பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னை சென்று, 2021ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்திடம் பாதுகாப்புக் கோரினர். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்பெண்களையும் பெற்றோரையும் உளவளத்துணைக்கு அனுப்பினார். அதனோடு அமையாது, இப்பொருளில் தமக்கே தெளிவு போதாதென்று வெளிப்படையாக ஒப்பி, உளவியலாளர் ஒருவரிடம் மாணாக்கராய் அமர்ந்து பாடங்கேட்டார். பின்னர் யூன் 7ஆம் நாள் வழங்கிய கட்டளையில், இத்தகையோரை 'மாற்றுவதற்கு' மருத்துவத்தின் பெயரால் செய்யப்படும் முயற்சிகளைத் தடுத்தார். இழிசொற்களுக்கு மாற்றாக மதிப்புள்ள தமிழ்ச் சொற்களை அடுத்த ஆண்டு தமிழ்நாட்டரசு வெளியிட்டதும் அவ்வழக்கின் பயனே. நீதிபதி ஒருவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லக் கூடுமாயின், ஆசிரியனுக்கு என்ன குறை வந்துவிடும்?

நம் அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைக்குத் தனியே அழவும் இடமில்லை. மாலையில் தொலைக்காட்சிப் படத்தில் ஒருவன் பெண்போல் நடந்து கோமாளித்தனம் செய்வான். அப்பா சிரிப்பார், அம்மம்மாவும் சிரிப்பார். பிள்ளை அச்சிரிப்பை எண்ணி வைத்துக்கொள்ளும். கலிபோர்னியாவில் நடந்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குடும்பத்தாரால் கடுமையாகப் புறக்கணிக்கப்பட்ட இத்தகைய இளைஞர், அவ்வாறு புறக்கணிக்கப்படாதாரினும் 8 மடங்குக்கு மேல் தற்கொலை முயற்சி பற்றிக் கூறியிருந்தனர். ஆகவே பிள்ளை வாய் திறக்கும் நாளில், சாதகத்தையும் ஊராரையும் பற்றிய பேச்சை எடுக்கவேண்டாம். 'நீ சொன்னது நல்லது, சாப்பிட்டாயா?' என்றால் அன்றைக்குப் போதும். அம்மா அழுவதாயின் பின்னர் அழட்டும், பிழையில்லை. பிள்ளையின் இசைவின்றி மாமா, சித்தி எவரிடமும் சொல்லலாகாது.

உறக்கம் கெட்டு, உயிர்மேல் வெறுப்பு வந்தாரெனின் காத்திருத்தல் தகாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கம் இரவும் பகலும் இயங்குகின்றது. 1974ஆம் ஆண்டு முதல் கொழும்பில் 'சுமித்ரயோ' அமைப்பினரும் தீர்ப்புக் கூறாது செவிமடுத்து வருகின்றனர். 2004இல் கொழும்பில் தொடங்கிய 'ஈக்குவல் கிரவுண்ட்' அமைப்பு இவர்களுக்கெனவே உள்ளது.

அவ்வன்னையார் விடைபெறுமுன் மகனின் தொலைபேசி இலக்கத்தைத் தந்து சென்றார். அவன் இப்போது வெளிநாட்டில் தொழில் செய்கின்றானாம். அவ்விலக்கம் என் நாட்குறிப்பில் எட்டு மாதமாக இருக்கின்றது. இக்கட்டுரையைத் தபாலில் சேர்த்துவிட்டு அழைப்பதாக எண்ணம்.