ரப்பர்ச் செடியின் இலை பழுத்தால்

வீட்டு முன்கூடத்திலும் அலுவலக வரவேற்பறையிலும் தொட்டியில் வைத்து நாம் வளர்க்கும் ரப்பர்ச் செடி ஆலுக்கும் அரசுக்கும் உடன்பிறப்பாகிய அத்தி இனத்தைச் சேர்ந்தது. கன்னியாகுமரித் தோட்டங்களில் பால் வடிக்கும் பிரேஸில் மரத்துக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு. அஸ்ஸாம், மேகாலயக் காடுகளில் மகா விருட்சமாக ஓங்கி, காஸி மலைவாசிகள் வேர்களைப் பின்னி ஓடைகளின்மேல் உயிருள்ள பாலமாக வளர்த்துக்கொள்ளும் அளவுக்கு வலிமை படைத்த இம்மரம், தொட்டிக்குள் அடைபட்டபின் தன் துன்பத்தை நமக்கு அறிவிக்கக்கூடிய அவயவம் இலை ஒன்றே.

அடியிலுள்ள முதிர்ந்த இலை எப்போதாவது ஒன்று பழுத்து உதிர்வது இயற்கை. ஆனால், தொட்டி மண் ஈரமாக இருக்கும்போதே இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளித்துத் துவண்டால், அது வேரின் வியாதி. மண் துகள்களின் இடைவெளியில் காற்று இருக்க வேண்டிய இடத்தை ஜலம் நிரப்பிவிடுவதால் பிராணவாயு கிட்டாமல் வேர் அழுக, அழுகிய வேர் நீரை உறிஞ்ச இயலாமல் போக, நீருக்கு நடுவிலேயே இலை வாடுகிறது. வாட்டத்தைக் கண்டு இரக்கப்பட்டு நாம் இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறோம். என் அபிப்பிராயத்தில், வீட்டு ரப்பர்ச் செடிகளுக்கு இந்த இரக்கத்தைவிடப் பெரிய சத்துரு வேறில்லை.

சந்தேகம் தோன்றினால் செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான வேர் விறைப்பாக இருக்கும். அழுகியது கறுத்து, கொழகொழத்து, தோல் கழன்று, துர்நாற்றம் வீசும். அதைச் சுத்தமான கத்தரியால் நறுக்கிவிட்டு, மண்ணோடு ஆற்றுமணலும் தென்னைநார்க் கழிவும் கலந்து, அடியில் துவாரமுள்ள தொட்டியில் மாற்றி நடுவது உத்தமம். வெட்டிய இடத்தில் கசியும் பால் தோலில் பட்டால் அரிப்பு உண்டாகலாம், கையுறை அவசியம். பிறகு, மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்ததை விரலால் சோதித்த பின்னரே நீர் விடலாம்.

பச்சை இலைகளே திடீரென்று கொட்டினால், செடியை இடம் மாற்றியதோ குளிர்சாதனக் காற்று நேரே அடிப்பதோ காரணமாயிருக்கக்கூடும். ஓரம் கருகுவது பெரும்பாலும் வறட்சியாலோ, உரத்தின் உப்பு மண்ணில் தேங்குவதாலோ. இலையின் அடிப்பக்கத்தில் சொரசொரப்பான பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பரவாமல் நின்றால், இலை வெளியிடுவதைக் காட்டிலும் அதிகமாக வேர் நீரை உறிஞ்சிய விளைவு அது. மஞ்சள் வளையத்தோடு பரவுவதே தொற்று நோய். அவ்விலையைக் கிள்ளி அப்புறப்படுத்துவதோடு, மற்ற இலைகள் நனையாமல் நீர் ஊற்ற வேண்டும்.

தண்டில் எறும்பு சாரை பிடித்தால், இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியைத் தேடுங்கள். அது கழிக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்பு வருகிறது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில் வாரம் ஒருமுறை தெளித்துவந்தால் அது கட்டுப்படும்.

பழுத்த இலை எந்த மருந்தாலும் மீண்டும் பச்சையாகாது. ஆகையால் சிகிச்சை பலித்ததா என்பதைப் பழைய இலையை வைத்து அவசரப்பட்டுத் தீர்மானிக்காமல், சில வாரங்கள் பொறுத்து, நுனியில் சிவந்த உறையைப் பிரித்துக்கொண்டு வரும் புதிய இலையைப் பாருங்கள். அது பழுதின்றி விரிந்தால் வேர் தேறிவிட்டது.