முதல் மனிதர் மதுரைக்காரரா? தந்தைவழி மரபணு: சந்தேகங்களும் விளக்கங்களும்

மதுரை மாவட்டம் ஜோதிமாணிக்கம் கிராமத்தில் ‘எம்130’ என்ற மரபணு அடையாளம் கண்டறியப்பட்ட செய்தி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் சேர்ந்து செய்த ஆய்வு அது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் ‘உலகின் முதல் மனிதன் தமிழன்’ என்ற வடிவில் வந்து சேர்கிறது. ஆய்வு உண்மையில் சொன்னது இதைவிட வியப்பானது என்பதால், அடிக்கடி எழும் சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எம்130 என்றால் என்ன?

ஆண்களுக்கு மட்டும் இருப்பது ஒய் குரோமோசோம். மற்ற குரோமோசோம்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் தாய்வழியும் தந்தைவழியும் கலந்து புதிதாக அடுக்கப்படுகின்றன. ஒய் மட்டும், இரு நுனிகள் தவிர, கலக்காமல் அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே போகிறது. நகல் எடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறும். மாறிய எழுத்து அந்த ஆணின் மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று வம்சம் முழுக்கத் தொடரும். 50,000 ஆண்டுகளுக்கும் முன்பு ஓர் ஆணிடம் நேர்ந்த அப்படியொரு மாற்றம்தான் எம்130.

அப்படியானால் முதல் மனிதர் மதுரைக்காரர்தானே?

இல்லை. உலகில் இன்று வாழும் எல்லா ஆண்களின் தந்தைவழியும் இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஓர் ஆப்பிரிக்க வேரில் போய்ச் சேர்கிறது. எம்130, ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறியவர்களிடையே தோன்றிய பழைய கிளைகளில் ஒன்று. அந்தக் கிளையைச் சேர்ந்தவர்கள் ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே, தென்னிந்தியாவில் இன்றும் வாழ்கிறார்கள் என்பதுதான் மதுரை ஆய்வின் மதிப்பு. அடையாளம் பழையது என்பதற்காக அதைச் சுமப்பவர் பழைய மனிதர் ஆகிவிடமாட்டார். அவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆதி மூதாதையரிடமிருந்து உள்ள தூரம் ஒன்றேதான்.

ஆஸ்திரேலியப் பழங்குடிகள் இங்கிருந்து போனவர்களா?

சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து ஆண்கள் அங்கே போயிருக்கலாம் என்ற கருத்து ஒரு காலத்தில் இருந்தது. 2016இல் ஆஸ்திரேலியப் பழங்குடி ஆண்கள் 13 பேரின் ஒய் குரோமோசோமை முழுமையாகப் படித்துப் பார்த்தபோது, அங்குள்ள எம்130 கிளையும் தெற்காசியக் கிளையும் பிரிந்தே 50,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது தெரிந்தது. தந்தைவழியைப் பொறுத்தவரை அவர்கள் நம் வாரிசுகளும் இல்லை, நாம் அவர்கள் வாரிசுகளும் இல்லை. இருவரும் ஒரே பாட்டனின் வெகுதூரத்துப் பங்காளிகள்.

வண்டி வாகனம் இல்லாத காலத்தில் இவ்வளவு தூரம் எப்படிப் போனார்கள்?

யாரும் ஆஸ்திரேலியாவுக்கென்று கிளம்பவில்லை. தலைமுறைக்குச் சில பத்துக் கிலோமீட்டர் நகர்ந்தாலே, சில ஆயிரம் ஆண்டுகளில் கண்டம் கடந்துவிடலாம். எந்தப் பக்கம் நகர்வது என்பதை நிலம்தான் தீர்மானித்தது. பனியுகத்தில் கடல்நீரில் ஒரு பகுதி பனிப்பாறையாக நிலத்தில் உறைந்து கிடந்தது. அதன் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அதற்கு முந்தைய காலத்திலும் இன்றைவிடத் தாழ்வுதான். சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஆசியாவோடு ஒட்டிய நிலம். நியூகினி ஆஸ்திரேலியாவோடு ஒட்டியது. இரண்டுக்கும் நடுவிலிருந்த ஆழ்கடல் மட்டும் வற்றவில்லை, அதை ஏதோ ஒரு மிதவையில்தான் கடந்திருக்க வேண்டும். அவர்கள் நடந்த கரைகள் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. அதனால்தான் கடலோரமாகவே வந்தார்களா, ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியாகவும் வந்தார்களா என்ற விவாதம் அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை. வடக்கே, சைபீரியாவையும் அலாஸ்காவையும் நிலம் இணைத்தது. எம்130இன் வேறொரு கிளை மங்கோலியாவில் பெருகி, அமெரிக்கப் பூர்வகுடிகள் சிலரிடமும் காணப்படுகிறது.

வழிவிடுகிற நிலம் அடைத்தும் வைக்கும். கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே நிற்கும் காகசஸ் மலைகளைப் பாருங்கள். 2011இல் வெளியான ஆய்வின்படி, அங்கே வாழும் இங்குஷ் இன ஆண்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஒரே தந்தைவழிக் கிளை. அவர்களுக்கு மேற்கே அடுத்தாற்போல் வாழும் ஒசேத்தியரிடம் பெரும்பான்மையாக இருப்பது முற்றிலும் வேறு கிளை. கிழக்கே தாகெஸ்தானின் குபாச்சி மக்களிடம் ஏறக்குறைய எல்லாருக்கும் மூன்றாவது கிளை. ஒரு பள்ளத்தாக்கின் ஆண்கள் அடுத்த பள்ளத்தாக்கில் போய்க் குடியேறுவது அவ்வளவு அரிதாக இருந்திருக்கிறது.

மலையும் கடலும் மட்டும்தான் காரணமா?

கல்யாண வழக்கத்துக்கும் பங்கு உண்டு. பெண் புகுந்த வீடு போகும் சமூகத்தில் ஆண்களின் கிளைகள் ஊரோடு தேங்கும், தாய்வழி மரபணு ஊர் ஊராகப் பரவும். வட தாய்லாந்தின் மலைவாழ் மக்களிடம் 2001இல் இதைச் சோதித்தார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து வாழும் குழுக்களில் தந்தைவழிக் கிளைகள் பலவாகவும் தாய்வழி குறைவாகவும் இருந்தன. பெண் கணவன் வீட்டுக்குப் போகும் குழுக்களில் இது அப்படியே தலைகீழ்.

ஒய் குரோமோசோம் சோதனையில் சாதி தெரியுமா?

தெரியாது. தெரியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தமிழ்நாட்டின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். பிச்சப்பனும் அந்தக் குழுவில் இருந்தார். சமூகங்களுக்கிடையே வேறுபாடு உண்டு. ஆனால் அது சாதியமைப்புக்கு முற்பட்டது, வேளாண்மை பரவிய காலத்தோடு பொருந்துவது என்பதே அவர்களின் முடிவு. ஒரு கிளை ஒரு சமூகத்துக்கு மட்டும் சொந்தம் என்ற நிலை இல்லை, விகிதம்தான் கூடிக் குறைகிறது. ‘எங்கள் சாதிதான் ஆதிக்குடி’ என்று எம்130ஐ வைத்துச் சுவரொட்டி அடிப்பவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஒய் குரோமோசோம் அவற்றில் ஒரே ஒருவரைத்தான் காட்டுகிறது. மீதி 1,023 இடங்களுக்கு உரியவர்களும் நம் முன்னோர்தானே?

நாங்கள் மூவரும் பெண்கள். அப்பா காலமாகிவிட்டார். அவருடைய வழி அறுந்துவிட்டதா?

அப்பாவின் மற்ற குரோமோசோம்களில் ஏறக்குறைய பாதி உங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. மனிதர்களிடமுள்ள சுமார் 20,000 மரபணுக்களில் ஒய் சுமப்பது சுமார் நூறுதான். மகள்கள் என்பதால் உங்களிடம் வராமல் போனது அவ்வளவுதான். அந்தக் கிளை எது என்று தெரிந்துகொள்ள ஆசையிருந்தால், அப்பாவுடன் பிறந்த பெரியப்பாவோ சித்தப்பாவோ அவர்களுடைய மகன்களோ உமிழ்நீர் மாதிரி கொடுத்தால் போதும். உங்கள் அப்பாவிடம் இருந்த அதே ஒய் குரோமோசோம்தான் அவர்களிடமும் இருக்கிறது. அத்தை மகனிடம் எடுத்தால், அவருடைய அப்பாவின் வழியைத்தான் காட்டும்.