செம்பனைத் தோட்டத்துப் பைப்புழு

ஜொகூர் மாநிலத்தில் சாஆ, லாபிஸ், குளுவாங் வட்டாரங்களில் இன்று செம்பனைத் தோட்டங்களே மிகுதி. அவற்றுள் சில இடங்களில் சில காலம் ஓலைகள் தீயிற் கருகியவைபோற் பழுப்பேறி நிற்பதுண்டு. அணுகி நோக்கின், ஓலையின் அடிப்புறத்தில் சருகுத் துணுக்குகளாலான சிறுபைகள் தொங்கக் காணலாம். பைக்கு ஒரு புழுவாக உள்ளே வாழ்வதால் இதனைப் பைப்புழு என்பது பொருத்தமே.

தான் தின்னும் இலையின் துணுக்குகளைத் தன் வாயிழையாற் பிணைத்து இப்புழு பை கட்டிக்கொள்கிறது. ஆண் மட்டுமே வளர்ந்து சிறகு பெற்றுப் பறக்கும். பெண்ணோ பைக்குள்ளேயே முட்டையிட்டு மடியும். மெட்டிசா பிளானா என்னும் வகையில் ஒரு தாயின் முட்டைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பொரித்த குஞ்சுகள் இழைவிட்டுக் காற்றில் மிதந்து அடுத்த மரங்களைச் சேரும். இலைப்பரப்பிற் பாதி அழிந்தால் அடுத்த ஈராண்டு விளைச்சல் 40 விழுக்காடுவரை குறையக்கூடும். குலை குறைந்தால் குலை வெட்டுவோர் வருவாயும் குறையும்.

முற்காலத்தில் இப்புழு ஆங்காங்கே தோன்றித் தானே அடங்கிவிடுவதே பெரும்பான்மை. 1950-களில் வண்டு, வெட்டுக்கிளி முதலியவற்றை ஒழிக்க டிடிடி, எண்டிரின், டீல்டிரின் போன்றவற்றைத் தெளிக்கத் தொடங்கிய பின்னரே அது பெருந்தொல்லையாயிற்று. பெருகியது கண்டு மேலும் தெளித்தனர். அதுவும் மேலும் பெருகிற்று. இம்முடிச்சை அவிழ்த்தவர்களுள் முதன்மையானவர், ஜொகூரில் லாயாங் லாயாங் செம்பனை ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய பூச்சியியலார் பி. ஜே. உட். தெளிப்பதை நிறுத்துக என்பதே அவர் காட்டிய வழி. நிறுத்திய தோட்டங்கள் பலவற்றிற் புழு படிப்படியே தணிந்தது. செம்பனைப் பூச்சிகளைப் பற்றிய அவரது நூல் 1968-இல் வெளிவந்தது.

காரணம் யாது? பைப்புழுவுக்குப் பகையான சிறு குளவிகள் உண்டு. அவை புழுவின்மேலோ அதன் உடலுக்குள்ளோ முட்டையிட, பொரிக்கும் குஞ்சு புழுவையே தின்று வளரும். மேலே பட்டாற் கொல்லும் நஞ்சு பைக்குள் எளிதிற் புகாது. வெளியே திரியும் குளவிக்கோ அத்தகைய காப்பு இல்லை. இன்னொன்று சற்று நுட்பமானது. பனிக்காலமற்ற இந்நாட்டில் பைப்புழுவின் எல்லாப் பருவங்களும் ஒருசேர ஓலையில் இருக்கும். ஆதலின் குளவிக்கு எந்நாளும் முட்டையிட இடமுண்டு. தெளித்தபின் தப்பியவையோ ஏறத்தாழ ஒரே பருவத்தவையாய் வளர்கின்றன. புழுவின் ஒரு தலைமுறை ஏறக்குறைய மூன்று மாதம். குளவியின் வாழ்வு அதனினும் மிகக் குறுகியது. ஏற்ற பருவப் புழு இல்லாத இடைவெளியிற் குளவி அருகிப்போக, அடுத்த தலைமுறைப் புழு தடையின்றிப் பெருகுகிறது.

தோட்ட வழக்கில் இத்தெளிப்பிற்கு ‘மருந்தடித்தல்’ என்று பெயர். நோய் தீர்க்கும் பொருளுக்குரிய சொல்லை நஞ்சுக்கு வழங்கிவிட்டோம். பெயர் இனிதாயின் அச்சம் குறைதல் இயல்பன்றோ? தெளிகலத்தை முதுகிற் சுமந்தவர்களுள் நம் பெண்களே மிகப் பலர். பள்ளியிலேனும் பூச்சிக்கொல்லி என்னும் சொல்லை வற்புறுத்துதல் நன்று.

குஞ்சுப் பருவத்திற் புழுவைத் தின்னும் குளவி, வளர்ந்தபின் உண்பது பூந்தேன். செம்பனை நிழலிற் பூ அரிது. ஆகவே தோட்டச் சாலையோரங்களில் கொடிரோசா, மஞ்சட்பூக் காசியா, காலையில் மலர்ந்து நண்பகலிற் கூம்பும் டர்னெரா ஆகியவற்றை நடுகின்றனர். வெளியூரிலிருந்து வரும் உறவினர் இவற்றை அழகுக்காக வைத்தவை என்றே எண்ணுவர்.

எனினும் எங்கும் எப்போதும் குளவி மட்டுமே போதும் என்பதற்கில்லை. 2013-இல் மலேசிய அரசு பைப்புழுவை ஆபத்தான பூச்சியென அரசிதழில் அறிவித்தது. தாக்குதல் மிகும்போது பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிரைத் தெளிக்கின்றனர். இலையோடு அதனைத் தின்ற புழுவே மடியும்; குளவிக்குத் தீங்கில்லை. ஆனால் புழு இளமையாய் இருக்கும்போதே தெளித்தல் வேண்டும். தின்பதை நிறுத்திக் கூட்டுப்புழுவானபின் தெளிப்பது வீண். ஆகையால் ஓலையை வெட்டிப் புழுக்களை எண்ணுதலும், பருவம் அறிதலும் இன்றியமையாதன. எண்ணுவோர் பையைக் கிழித்தும் பார்த்தல் வேண்டும். உள்ளே உயிருள்ள புழுவுக்கு மாறாகக் குளவியின் சின்னஞ்சிறு கூடுகள் பல பைகளிற் காணப்படின், அங்கே தெளிகலத்துக்கு வேலையில்லை.