கணினிப் பணிக்கும் கால வரம்பு

கெடா மாநில இரப்பர்த் தோட்டங்களில் பொழுது விடியும் முன்பே பெரட்டு தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் மரத்தைச் சீவினால்தான் பால் நன்றாக வடியும். வடிந்த பாலைக் காலத்தோடு சேகரிக்காவிட்டால், அது மங்கிலேயே உறைந்து கட்டிப்பாலாகிவிடும். வேலையைத் தொடங்க ஒரு நேரம் இருந்ததைப் போலவே முடிக்கவும் ஒரு நேரம் இருந்தது.

1996ஆம் ஆண்டு கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. இன்று கெடாவில் பலர் கணினியோடு பணியாற்றுகின்றனர். கணினியின் வேலைக்கும் தொடக்க நேரம், முடிவு நேரம் ஆகிய இரண்டும் தேவை.

விண்டோஸ் கணினியில் ‘டாஸ்க் ஷெடியூலர்’ எனும் கருவி உள்ளது. நாம் குறித்த நேரத்தில் அது பணிகளைத் தானாகவே தொடங்கும். சுங்கை பட்டாணியில் உள்ள ஒரு கடையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்கே தினமும் இரவு 11 மணிக்கு விற்பனைக் கணக்கின் நகல் வேறொரு வன்தட்டில் சேமிக்கப்படுகிறது. அதற்கு 20 நிமிடங்கள் போதும்.

திங்கள் இரவு வன்தட்டின் தொடர்பு அறுந்து, பணி பாதியில் சிக்கிக்கொள்கிறது என வைத்துக்கொள்வோம். வேறு கட்டளை இடப்படாவிட்டால், அப்பணி 3 நாள் வரை ஓடக் கணினி அனுமதிக்கும். ஒரு பணி ஓடிக்கொண்டிருக்கையில் அதே பணியை மீண்டும் தொடங்காது. எனவே, செவ்வாய், புதன் இரவுகளில் நகல் எடுக்கப்படாது. வியாழன் காலை கணினி பழுதானால் 3 நாள் கணக்கும் தொலைந்துவிடும்.

இதைத் தவிர்க்க, ‘பவர்ஷெல்’ கட்டளை மொழி உதவுகிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2006இல் இதனை வெளியிட்டது. ‘கெட்’ கட்டளையால் பணியின் விவரங்களைப் பெற வேண்டும். அதிலுள்ள கால வரம்பை மாற்ற வேண்டும். பின்னர் ‘செட்’ கட்டளையால் சேமிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தைப் ‘பிடி1எச்’ என்றும், 30 நிமிடங்களைப் ‘பிடி30எம்’ என்றும் எழுதுவர். எழுதிய கட்டளைகளைக் கோப்பாகச் சேமித்தால், மற்றக் கணினிகளிலும் அவற்றைப் பயன்படுத்தலாம்.

வரம்பை எப்படி முடிவு செய்வது? முதலில், பணி வழக்கமாக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று சில நாள் கவனிக்க வேண்டும். 20 நிமிடப் பணிக்கு 25 நிமிட வரம்பு வைத்தால், தீபாவளிக் காலத்தில் கணக்கு பெருகும்போது நல்ல பணியும் பாதியில் நிறுத்தப்படலாம். ஒரு மணி நேரம் பொருத்தமாகும். ‘பிடி0எஸ்’ என எழுதினால் வரம்பே இல்லை என்று பொருள். இதில் கவனம் தேவை.

கால வரம்பு பழுதைச் சரிசெய்யாது. சிக்கிய பணியை நிறுத்தி, மறுநாள் பணிக்கு வழிவிடும். நகல் முழுமையாக உள்ளதா என்பதை ஒவ்வொரு நாளும் மனிதரே சரிபார்க்க வேண்டும்.