ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் பார்த்தால் போதுமா?
கம்ப்யூட்டர் வாங்கப்போகும் குமாஸ்தாவுக்கு ஒரு கவுண்ட்டர் கணக்கு

திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் இயங்கும் சி-டாக் ஆராய்ச்சி நிலையத்தை இவ்வூர்த் தமிழர்கள் பலரும் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார்கள். அந்த நிறுவனம் வடிவமைத்த ‘துருவ் 64’ என்ற பிராசஸர், அதாவது கம்ப்யூட்டரின் மூளை, 2025 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 64 பிட், 2 கோர், வேகம் 1 ஜிகாஹெர்ட்ஸ்.

செய்தி வந்த சமயம் தம்பானூர் டீக்கடை ஓரத்தில் ஒரு பேச்சு. சாலைக் கடைவீதியில் மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர் கேட்டார்:

“அண்ணாச்சி, ஒரு ஜிகாஹெர்ட்ஸுக்கா இவ்வளவு பெருமை? பையனுக்கு வாங்கப்போற பெட்டியிலே நாலுக்கு மேலே போட்டிருக்கே!”

அண்ணாச்சி டீயைக் குடித்து முடித்தாரே ஒழிய பதில் சொல்லவில்லை. கேள்வி கேட்டவரோ சும்மா கேட்கவில்லை. சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கடைக்காரர் இரண்டு பிராசஸர்களைச் சொல்லியிருக்கிறார். எதை வாங்குவது என்று தெரியாமல் நான்கு நாட்களாகத் தூக்கம் இல்லை.

டிக்கெட் கவுண்ட்டர் உதாரணம்

ஜிகாஹெர்ட்ஸ் என்பது என்ன? பிராசஸருக்குள் ஒரு தாளம் இருக்கிறது. வினாடிக்கு 100 கோடி தட்டு தட்டினால் 1 ஜிகாஹெர்ட்ஸ். அவ்வளவுதான். ஒரு தட்டில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

அட்டை டிக்கெட் காலத்து ரயில்வே கவுண்ட்டரை நினைத்துப் பாருங்கள். தேதி முத்திரை மெஷினில் டிக்கெட்டைச் சொருகி இழுக்கும் சத்தம் டக், டக்கென்று கேட்கும். ஒரு குமாஸ்தா வேகமாக இழுப்பார். ஆனால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் எழுந்து போய்ப் பின்னறையில் தேடுவார். இன்னொருவர் நிதானமாகத்தான் இழுப்பார். அதிகம் விற்கும் டிக்கெட்டுகளைக் கை எட்டும் அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார். வரிசை யாரிடம் சீக்கிரம் நகரும்?

இழுக்கும் வேகம்தான் ஜிகாஹெர்ட்ஸ். கவுண்ட்டர்களின் எண்ணிக்கை கோர். கை எட்டும் அலமாரிக்குக் கேஷ் என்று பெயர். பின்னறைதான் ராம் எனும் நினைவகம்.

இந்தக் கணக்கை மறந்து கையைச் சுட்டுக்கொண்ட பெரிய கம்பெனியே உண்டு. இன்டெல் 2000 நவம்பரில் பென்டியம் 4-ஐக் கொண்டுவந்தது. வேகத்தைக் கூட்ட, ஒவ்வொரு வேலையையும் 20 படிகளாகப் பிரித்தார்கள். 20 பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரு டிக்கெட்டைக் கைமாற்றுவதுபோல. ஓட்டம் சரியாக இருந்தால் பறக்கும். அடுத்து வரும் ஆள் கேட்கப்போவது நாகர்கோவில் என்று ஊகித்து வேலையை ஆரம்பித்து, அவர் கொல்லம் என்று சொல்லிவிட்டால், வரிசையில் இருக்கும் வேலையெல்லாம் குப்பைக்கூடைக்கு. படி நீள நீள நஷ்டமும் அதிகம்.

போட்டியாளரான ஏ.எம்.டி. 2001-ல் 1.53 ஜிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள அத்லான் எக்ஸ்.பி.க்கு ‘1800+’ என்று பெயர் வைத்து விற்றது. எண்ணைப் பார்க்காதே, வேலையைப் பார் என்பது அவர்கள் வாதம். வியாபாரத் தந்திரம் என்று சிலர் சிரித்தார்கள். ஆனால் 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் வரும் என்ற திட்டத்தை 2004-ல் இன்டெல்லே கைவிட்டது, சூடு தாங்கவில்லை. 2006-ல் அது வெளியிட்ட கோர் 2 டுவோ, தாளம் குறைந்தும் வேலையில் பழைய பென்டியத்தை மிஞ்சிவிட்டது.

கடைக்காரர் காட்டிய இரண்டு

சாலைக் கணக்கரிடம் கடைக்காரர் சொன்னவை இவை: இன்டெல் ஐ3-12100, 2022-ல் வந்தது, 4 கோர், உச்ச வேகம் 4.3 ஜிகாஹெர்ட்ஸ். மற்றது ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி, 2021-ல் வந்தது. 6 கோர், உச்ச வேகம் 4.4. உச்சம் என்றால் எப்போதும் அந்த வேகம் என்று அர்த்தமல்ல. ஐ3-ன் அடிப்படை வேகம் 3.3, ரைசனுக்கு 3.9.

தாளிலே பார்த்தால் எல்லாவற்றிலும் ரைசன்தான் பெரிசு. ஆனால் ஒரே ஒரு கோரை வைத்துச் சோதித்தால் ஐ3 ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முந்திவிடுகிறது. தட்டு குறைவு, தட்டுக்கு வேலை அதிகம். எல்லா கோர்களையும் சேர்த்து ஓட்டினால் ரைசன் கால் பங்குக்குச் சற்று மேலாகவே முந்துகிறது. கவுண்ட்டர் இரண்டு கூட அல்லவா?

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, பையன் என்ன செய்யப்போகிறான் என்பதே. கடிதம் அடிப்பது, டேலி கணக்கு, பரீட்சைக்குப் பாடம் பார்ப்பது என்றால் ஐ3 தாராளம். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுவது, விளையாட்டு என்றால் ரைசன் நல்லது. அதனுள் இருக்கும் ரேடியான் கிராபிக்ஸ், ஐ3-ல் இருப்பதைவிடப் பலமானது. அதற்கு ராமை ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு துண்டாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பலம் வெளியே வராது.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. பெயரின் கடைசி எழுத்தைப் படிக்க வேண்டும். ஐ3-12100 வேறு, ஐ3-12100எஃப் வேறு. ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைகிறதே என்று வாங்கி வீட்டில் மாட்டினால் திரை இருட்டாகவே இருக்கும். தனிக் கார்டு வாங்க வேண்டியதுதான். ரைசனில் ‘ஜி’ இருப்பது கிராபிக்ஸுக்காக. 5600 என்று மட்டும் இருந்தால் அதுவும் இருட்டுதான். மாதச் சம்பளக்காரனுக்கு இந்த ஓர் எழுத்தால் வரும் நஷ்டம் சின்னதல்ல.

பிராசஸரில் மிச்சம் பிடித்து எஸ்.எஸ்.டி. எனும் வேகமான சேமிப்பில் போடுவது புத்திசாலித்தனம். பழைய சுழல்தட்டு ஹார்ட் டிஸ்க் போட்ட பெட்டியில் எந்த பிராசஸரும் தூங்கித்தான் வழியும்.

அப்படியானால் துருவ்?

உள்ளதைச் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் 1 ஜிகாஹெர்ட்ஸ் பிராசஸரை ஏ.எம்.டி.யும் இன்டெல்லும் 2000 மார்ச்சில், இரண்டு நாள் இடைவெளியில், அறிவித்துவிட்டன. துருவ் 64 அந்த எண்ணைத் தொட்டது 25 ஆண்டுகள் கழித்து. மேஜைக் கம்ப்யூட்டரில் ஐ3-ஐயோ ரைசனையோ அது எதிர்த்து நிற்காது. அதற்காக அது செய்யப்படவும் இல்லை. தொழிற்சாலைக் கருவி, வாகனம், தொலைத்தொடர்புச் சாதனம் இவைதான் அதன் இடம்.

அந்த இடங்களில் வேகத்தைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கே தெரிந்திருப்பது பெரிது. துருவ் பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதி யாரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடியது. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ பிராசஸரும் அதே வழிதான். 2022-ல் மத்திய அரசு இதற்கென ஒரு திட்டம் தொடங்கியபோது, தலைமை வடிவமைப்பாளர் சென்னை ஐ.ஐ.டி.யின் காமகோடி; திட்ட மேலாளர் திருவனந்தபுரம் சி-டாக்கின் கிருஷ்ணகுமார் ராவ். அனந்தபுரியில் பிழைக்க வந்த தமிழருக்கு இந்தக் கூட்டணி பிடிக்காமல் போகுமா?

வேகம் குறைந்த மூளைக்கு வேலை இல்லை என்று நினைப்பவர்கள் தும்பாவைப் பார்க்க வேண்டும். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் ‘விக்ரம் 1601’, வெறும் 16 பிட் பிராசஸர், 2009 முதல் நம் ராக்கெட்டுகளில் பறந்தது. அதன் 32 பிட் வாரிசான ‘விக்ரம் 3201’ 2025 மார்ச்சில் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றுபோனால் அணைத்துப் போடலாம். ஆகாயத்தில் போகும் ராக்கெட்டை யார் அணைத்துப் போடுவது?

சாலைக் கணக்கர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனார். ஐ3 வாங்கினார். மிச்சப் பணத்தில் எஸ்.எஸ்.டி. பில் போடுவதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெட்டியின் மேல் ‘எஃப்’ இருக்கிறதா என்று இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். இல்லை.