'ஸ்ப்ரோல்' என்றொரு சொல்

உயர்தர வகுப்பில் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், 'அர்பன் ஸ்ப்ரோல்' என்டா நகர விரிவாக்கம்தானே?"

"இல்ல மகள்" என்றேன்.

பழைய ஆங்கிலத்தில் 'ஸ்ப்ரோல்' கைகால் உதறித் துடிப்பதைக் குறித்தது. பின்னர் கைகாலைப் பரப்பிக் கிடப்பதற்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டில், ஒழுங்கின்றிப் பரவும் நகரத்துக்கும் ஆனது. அதில் குறைகூறும் தொனி உண்டு. 'விரிவாக்கம்' அப்படியல்ல, திட்டமிட்ட வளர்ச்சியையே அது நினைவூட்டும்.

கொழும்பைச் சுற்றிய வயலையும் சதுப்பையும் மண்போட்டு நிரப்பி வீடுகள் எழுந்ததை 'விரிவாக்கம்' என்றெழுதினால், நம் பிழை மறைந்துவிடும். வெள்ளம் வந்தால் மழையைத்தான் ஏசுவோம்.

எங்கட பேச்சில் "கண்டபாட்டுக்குப் பரவிக் கெடக்கு" என்போமே, அதுதான் பொருள். 'தாறுமாறான நகரப் பரவல்' என்றே எழுதச் சொன்னேன்.